நான்கும் பூஜ்யம் என்றால்

காளவாசலில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற மாடி அறைக்கு 'ஸ்ரீநாத் கணிதக் கல்வியகம்' என்று பெயர் வைத்தவன் நான்தான். ஒரு கரும்பலகை, சில பெஞ்சுகள், மனசு வந்தால் சுற்றுகிற ஒரு மின்விசிறி. தாளாளர், முதல்வர், கணக்கு வாத்தியார், காலையில் கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் நானே. கடைசி வேலையில் மட்டும் இதுவரை யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் மூன்று சமன்பாடுகளைக் கொடுத்து x, y, z கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஒரே ஒரு தீர்வு இருக்கலாம், தீர்வே இல்லாமல் போகலாம், எண்ணற்ற தீர்வுகளும் இருக்கலாம். எந்த வகை என்று சொல்ல, சமன்பாட்டு எண்களை வைத்துப் போடுகிற நான்கு அணிக்கோவைகளின் மதிப்பைப் பார்க்க வேண்டும். நான்கும் பூஜ்யமாக வந்தால் புத்தகம் அதோடு விடாது, இன்னும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கச் சொல்லும். எனக்கு அந்த 'இன்னும் கொஞ்சம்' பிடிக்காது. பிள்ளைகளுக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று அதைக் கத்தரித்துவிட்டு, "நாலும் பூஜ்யமா? கண்ண மூடிக்கிட்டு எண்ணற்ற தீர்வுன்னு எழுது" என்று சொல்லிக் கொடுத்தேன். எந்தப் பொதுத்தேர்வும் என்னை மறுக்கவில்லை. அதனால் எனக்கும் கண்ணைத் திறக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

ஒரு வருஷம் என் மகள் பிருந்தாவும் என்னிடமே படித்துப் பரீட்சை எழுதினாள். அவள் ஆசைப்பட்ட பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டுமென்றால் கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு வாங்கியாக வேண்டும். பௌதிகத்தில் ஏற்கெனவே கொஞ்சம் சறுக்கியிருந்தாள். கணக்கிலும் விட்டால் அந்த இடத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

கணக்குப் பரீட்சை முடிகிற நேரத்தில் டியூஷன் வாத்தியார்கள் பள்ளிக்கூட வாசலில் புங்கமரத்தடியில் போய் நிற்பது எங்கள் தொழில் வழக்கம். முதலில் வருகிற பிள்ளையிடம் வினாத்தாளை வாங்கி, நின்ற இடத்திலேயே விடை சொல்ல வேண்டும். காத்திருக்கிற பெற்றோர்கள் யார் முதலில் சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த வருஷம் யாரிடம் எத்தனை பேர் சேர்வார்கள் என்பது அந்தப் புங்கமரத்தடியிலேயே முடிவாகிவிடும். செல்லூரில் டியூஷன் எடுக்கிற சிவபாண்டியும் வருவார். பைக் சீட்டில் பேப்பரை விரித்து, முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அவருக்குக் கணக்கு மெதுவாகத்தான் வரும் போல என்று நான் பலரிடம் இரக்கத்தோடு சொல்லியிருக்கிறேன்.

மணி அடித்தது. என் மாணவி முத்துமீனா முதலில் வந்தாள். வினாத்தாளை வாங்கினேன். x + y + z = 2; 2x + 2y + 2z = 4; 3x + 3y + 3z = 7. பார்த்த மாத்திரத்திலேயே எனக்குப் பூஜ்யங்கள் தெரிந்துவிட்டன.

"நாலும் பூஜ்யம். எண்ணற்ற தீர்வுகள்" என்று கூட்டத்துக்கே அறிவித்தேன். ஓர் அம்மா பக்கத்திலிருந்தவரிடம் என் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டார்.

சிவபாண்டி பைக்கிலிருந்து நிமிர்ந்தார். "ஒரு நிமிசம்ண்ணே. மொத சமன்பாடு, மூணையும் கூட்டுனா ரெண்டுங்குது. கடைசிய மூணால வகுத்துப் பாருங்க, ரெண்டுக்கு மேல வருது. ஒரே கூட்டுத்தொகை எப்படிண்ணே ரெண்டு விதமா இருக்கும்? இதுக்குத் தீர்வே கெடையாதுண்ணே."

பார்த்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். சமன்பாட்டைப் பார்க்காமலே சமன்பாட்டைத் தீர்க்கிற வித்தையை அத்தனை வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"நான் தீர்வு இல்லன்னுதான் சார் எழுதினேன்" என்றாள் முத்துமீனா.

"நான் அப்படிச் சொல்லித் தரலையேம்மா."

"நீங்க சொல்றத ஒருக்கா சரிபாத்துட்டு எழுதுறது எங்களுக்குப் பழக்கம் சார். போர்டுல அம்புட்டுத் தடவ அழிச்சு அழிச்சு எழுதுவீங்கள்ல, அதான்."

அந்தப் பெண் குத்திக்காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். எங்கள் செட்டில் எல்லாருமே அப்படித்தான் என்றும் சேர்த்துச் சொன்னாள். என் மேல் இத்தனை பேருக்கு நம்பிக்கை இல்லை என்று தெரிந்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

உடனே பிருந்தா என்ன எழுதியிருப்பாளோ என்று பயம் வந்தது. பிறகு கொஞ்சம் தைரியமும் வந்தது. வீட்டில் அவள் என் பேச்சைக் கேட்டதே கிடையாது. டிவியை அணை என்றால் சத்தத்தைக் கூட்டுவாள். பெற்ற பிள்ளை தன் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க வேண்டும் என்று மீனாட்சியம்மனிடம் வேண்டிக்கொண்ட முதல் அப்பன் நானாகத்தான் இருப்பேன்.

பிருந்தாவுக்கு மாடியில் பரீட்சை ஹால். கடைசியாக வந்தாள். சிவபாண்டியின் பேப்பரைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தக் கணக்கு என்னம்மா போட்ட?" என்று கேட்டேன்.

பிருந்தா பக்கத்தில் வந்து சௌராஷ்டிரத்தில் பதில் சொன்னாள். அது எங்கள் வீட்டு மொழி. சிநேகிதிகள் இருக்கிற இடத்தில் அதைப் பேசவே கூச்சப்படுகிறவள், அங்கே வேறு யாருக்கும் புரியக்கூடாது என்றுதான் அதில் பேசினாள். எண்ணற்ற தீர்வுகள் என்று எழுதினாளாம். ஒரு விடையைப் போட்டுப் பார்த்தபோது மூன்றாவது சமன்பாட்டுக்குப் பொருந்தவில்லையாம். தீர்வே இல்லை என்று மாற்றப் போனாளாம். அப்பா சொன்னதாயிற்றே, தான்தான் எங்கேயோ தப்பாகக் கூட்டியிருப்போம் என்று அப்படியே விட்டுவிட்டாளாம். "யாராவது கேட்டால், பிருந்தா அவசரத்தில் தப்பாகப் போட்டுவிட்டாள் என்று சொல்லிவிடுங்கள் அப்பா" என்றாள்.

சிவபாண்டி நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என் பெயரைக் கேட்டு வைத்த அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தமிழில், கடைசி பெஞ்சுக்கு எட்டுகிற குரலில் சொன்னேன். "நீ மாத்த நெனச்சதுதாம்மா சரி. நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு."

பிருந்தா என் கையைப் பிடித்து இழுத்தாள். "மெதுவாப் பேசுங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்" என்றேன். பிறகு இன்னொரு முறையும் சொன்னேன்.