வஜ்ஜிரச் சட்டி

அன்று பட்டறையில் இருந்தவர்கள்: நான், என் தங்கை, அவள் வீட்டுக்காரர், பக்கத்துக் கடைத் தையல்காரர், இறந்துபோன என் தம்பியின் மனைவி. வேறு யாரும் இல்லை. கதவிடுக்கில் நின்று பார்த்ததாகச் சொல்லித் திரிகிறவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை.

நான் மாடியில் இருக்கிறேன். கீழே தம்பியின் குடித்தனம், அதன் முன்பக்கம் பட்டறை. உடைந்த நாற்காலி, மேசைகளைச் சரிசெய்வான். எங்கள் குடும்பத்தில் சட்டை அழுக்காகிற வேலைக்குப் போனவன் அவன் ஒருவன்தான். ஆணி அடிக்க மாட்டான், எல்லாம் வஜ்ஜிரம். மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்த பசை அது. கட்டியாக வாங்கி, ஊறவைத்து உருக்க வேண்டும். நனைந்த நாயும் பழைய குளம்பும் ஒன்றாக வியர்த்தது போல நாறும். பின்கட்டுக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரலாம் என்பது அவன் மனைவி போட்ட சட்டம். அந்த விஷயத்தில் அவளும் நானும் ஒரே கட்சி.

அப்படிப்பட்டவள், அவன் போன பிறகு ஞாயிறு தவறாமல் பட்டறையைத் திறந்து அந்தச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். முன்பு நாறியது. இப்போது அதைவிட மோசம். தீய்ந்த கொம்பின் நாற்றம் படியேறி வந்து என் சோற்றுத் தட்டில் உட்கார்ந்தது. பொறுத்துப் பார்த்தேன். தையல்காரர் புகாரோடு வந்த அன்று தங்கையையும் மாப்பிள்ளையையும் வரவழைத்து, எல்லோருமாகக் கீழே இறங்கினோம்.

"தைச்சு மாட்டின துணியெல்லாம் நாறுது ஐயா" என்றார் தையல்காரர். "ஒருத்தர் புதுச் சட்டைய மோந்து பாத்துட்டு, இதுக்குள்ள யாரு செத்துக் கிடந்தாங்கன்னு கேக்குறாரு."

"தெருவும் ஒரு மாதிரி பேசுது மச்சான்" என்றார் மாப்பிள்ளை, மூக்கைப் பொத்திக்கொண்டு. "மேல்மாடி காலியாம்."

"மாடியில நான்ல இருக்கேன்."

"உங்க மாடி இல்ல மச்சான். அவங்க மாடி."

எனக்குக் காது சுட்டது. எங்கள் வீட்டுப் பெண்ணைப் பைத்தியம் என்று தெரு சொல்வதை நான் கேட்டுக்கொண்டு நிற்பதா?

"இங்க பாரும்மா" என்றேன். "குடும்பப் பேரு சந்தி சிரிக்குது. அந்தச் சட்டி இன்னிக்கே வெளிய போகணும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி கிண்டிக்கொண்டிருந்தாள். "போடலாம் அத்தான். ஒரு தடவை வந்துட்டா நானே தூக்கிப் போட்டுடுறேன்."

"என்ன வரணும்?"

"அவரு வாசனை. வேலை முடிஞ்சு வந்தா மேல அடிக்குமே, அது. எத்தனை வாரமா காய்ச்சுறேன், வரவே மாட்டேங்குது. இது வேற என்னமோ. எனக்கே குமட்டுது."

"அதுக்குப் பேரு வாசனையா?" என்றார் மாப்பிள்ளை. தங்கை அவர் தொடையில் கிள்ளினாள்.

சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பசை கொதித்துக் குமிழ் வெடித்தது, ஓரமெல்லாம் கருகல். எனக்குக் கோபம் வந்தது. "கொதிச்சா பசை செத்துடும்டா, தண்ணிக்குள்ள வைடா" என்று தம்பி கூலியாளை விரட்டுகிற சத்தம் பேப்பர் படிக்கிற என் காதுக்கு நாள்தோறும் ஏறி வரும். இவளோ நாற்றத்துக்குப் பயந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவள். எப்படித் தெரியும்?

"நேரா நெருப்புல வைக்கச் சொன்னது யாரு?"

மூலையில் பெரிய அலுமினியப் பாத்திரம் ஒன்று கிடந்தது, நிறையப் பழைய தாழ்ப்பாள்கள். அவற்றைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். சட்டியைச் சுரண்டித் துடைத்து, அவள் ஊறவைத்திருந்த மிச்சக் கட்டிகளை அள்ளிப் போட்டேன். சளியைக் கையால் அள்ளியது போல இருந்தது. ஆயுள் முழுக்க அதைத் தொடாத கை. சட்டியைத் தண்ணீருக்குள் இறக்கி, தீயைக் குறைத்தேன். அவள் மறுபடி கிண்டத் தொடங்கினாள்.

தண்ணீர் சுட்டது, கொதிக்கவில்லை. பசை தேன் நிறத்துக்கு இளகியது. பிறகு வந்தது. அதே நாய், அதே குளம்பு, அதே வியர்வை. அருவருப்பில் ஒரு குறையும் இல்லை.

அவள் கிண்டுவதை நிறுத்தினாள். யாரையும் பார்க்காமல், பின்கட்டுப் பக்கம் கையை நீட்டி, "போய்க் குளிச்சிட்டு உள்ள வாங்க" என்றாள்.

தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். மாப்பிள்ளை மூக்கிலிருந்து கையை எடுத்திருந்தார்.

மறுவாரம் அவள் வெளியூரிலிருக்கும் தன் மகளோடு போய் இருக்கக் கிளம்பினாள். "வந்துடுச்சு, போதும் அத்தான். சட்டியத் தூக்கிப் போட்டுடுங்க" என்று சாவியைக் கொடுத்தாள்.

அவள் திருட்டுத்தனமாக ஞாயிறுதோறும் வந்து, பூட்டிய பட்டறைக்குள் உட்கார்ந்து காய்ச்சுகிறாள், முற்றிவிட்டது என்று தெருவில் இப்போது பேச்சு. அது பொய். அவள் இந்த ஊரிலேயே இல்லை. அவள் புத்தி தெளிவாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வஜ்ஜிரம் உருக்குவது நான். கொதிக்க விடுவதில்லை.