எவ்வளவு பக்கத்தில் வருவான்

உள்ளங்கையில் அது கருப்பாகக் கிடக்கிறது, நான் நினைத்ததைவிடச் சின்னதாக, குளிர்ந்து, இதை எங்கே ஒளித்துவைப்பேன் என்று யோசிக்கிறேன், கடைக்காரரும் அதைத்தான் கேட்கிறார், தினமும் சேலைதானா மேடம், இல்ல சுடிதாரும் போடுவீங்களா, துப்பாக்கிக் கடையில் தையற்காரருக்கு அளவு கொடுப்பவளைப் போல நிற்கிறேன், பக்கத்தில் அத்தை, என் செல்வினைப் பெற்றவள், லைசன்சு உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எனக்கு முந்திப் பதில் சொல்கிறாள், சேலைதாய்யா கட்டுவா, கைப்பையெல்லாம் வேண்டாம், பையப் புடுங்கிட்டான்னா என்ன செய்ய, உடம்போட இருக்கணும்.

முதலில் காட்டியது தட்டையான பிஸ்டல், இடுப்பில் செருகினால் வெளியே தெரியாதாம், ஆனால் மேல்பகுதியைப் பின்னால் இழுத்துத்தான் குண்டை ஏற்ற வேண்டும், என் இடதுகையில் இரண்டு விரல்கள் மடங்காது, பேருந்து நிறுத்தத்தில் செல்வினின் கழுத்துக்கு வந்த அரிவாளை அந்தக் கையால்தான் தடுத்தேன், தடுத்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன், அடுத்த வெட்டில் அவர் போய்விட்டாரே, பஸ்சு வாரதுக்குள்ள முறுக்கு முழுசையும் தின்னுருவ போல என்று அதற்குச் சற்றுமுன்தான் கேலி செய்தார், பொட்டலம் இன்னும் என் கையில் இருந்தது, அரிவாளைப் பிடித்திருந்தது என் கூடப்பிறந்த அண்ணன் இசக்கி. வேற்றுச் சாதிக்காரனைக் கட்டிக்கொண்டேன், அவ்வளவுதான் நான் செய்தது. இப்போது ஜாமீனில் வந்துவிட்டான், அடுத்த வாரம் நான் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும், நான் ஒருத்திதான் சாட்சி, அங்கே நின்ற மற்றவர்களுக்கெல்லாம் அன்றைக்குக் கண் தெரியவில்லையாம்.

அப்ப உங்களுக்கு ரிவால்வர்தான் மேடம், இழுக்கிற வேலையே இல்ல, எடுக்கணும், அழுத்தணும், இதுல பின்னாடி எதுவும் துருத்திக்கிட்டு இல்ல, சேலையில மாட்டாது, கனமானதை வாங்குனா ரெண்டு நாள் வச்சுக்குவீங்க, அப்புறம் பீரோவுல போட்டுப் பூட்டிருவீங்க, சரி, ஆள் எவ்வளவு பக்கத்துல வருவான்.

எவ்வளவு பக்கத்தில் என்று என்ன சொல்ல, அம்மா வேலைக்குப் போன காலைகளில் எனக்குத் தலைசீவிவிட்டவன், ஒருபக்கச் சடையை ஏற்றி ஒருபக்கத்தை இறக்கிக் கட்டி, வகுப்பே சிரிக்கும், காய்ச்சலில் கிடந்தால் நெற்றியோடு நெற்றி வைத்துச் சூடு பார்ப்பான், கனவிலும் இப்போது அப்படித்தான் வருகிறான், சூடு பார்க்கக் குனிகிறான், கையில் அரிவாள் இருக்கிறது, அண்ணே எனக்கு மேலெல்லாம் சுடுது என்கிறேன், விழித்தால் அத்தை என் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள், அவனை வெறுக்கிறேன், அவனை நினைத்து அழுகிறேன், இரண்டையும் அத்தையிடம் சொல்ல முடியவில்லை. ரொம்பப் பக்கத்தில் வருவான் என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

காலியாத்தான் இருக்கு, சுவத்துல அந்த வட்டத்தைப் பாத்து ஒருதரம் அழுத்திப் பாருங்க என்கிறார், நான் காலை அகட்டி நிற்கிறேன், இடது உள்ளங்கை தானாக வலது மணிக்கட்டின் கீழே போகிறது, மூச்சு நிற்கிறது, அட, நிறையப் பேரு முதல்ல கண்ண மூடிருவாங்க மேடம், நீங்க எங்க பழகுனீங்க என்று அவர் கேட்கையில் கொட்டுச்சத்தம் கேட்கிறது, சின்ன வயதில் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா, பலூன் சுடும் கடை, துப்பாக்கி என்னைவிட உயரம், என் முழங்கையைத் தாங்கிக்கொண்டு பின்னால் இசக்கி, அவன் மோவாய் என் உச்சந்தலையில், ஏட்டி கண்ண மூடாத, மூச்சப் புடி, பயந்தா கை ஆடும், நாந்தான் இருக்கேம்லா, சிவப்புப் பலூன் வெடித்ததும் என்னைத் தூக்கிச் சுற்றினான், எந்தங்கச்சி சுட்டா, எந்தங்கச்சி சுட்டா என்று கடைகடையாய்ச் சொல்லிக்கொண்டு போனான்.

எங்கண்ணன் சொல்லித் தந்தான் என்றேன், அத்தைக்குக் கேட்டுவிட்டது, லைசன்சு உறையை மேசையில் வைத்தாள், பிறகு என் முதுகில் கைவைத்து, இதையே குடுங்கய்யா என்றாள், என்னிடம் மெல்ல, அமுக்கு தாயி, காலிதான, அமுக்கிப் பழகு, நான் அமுக்கவில்லை, வட்டம் கலங்கிக் கரைந்துகொண்டிருக்கிறது, கண்ணை மூடவில்லை அண்ணே, நீ சொன்னபடி திறந்துதான் வைத்திருக்கிறேன், ஆனாலும் ஒன்றும் தெரியவில்லை.