காடா, தோட்டமா

கல்யாணத் தரகர் நஞ்சப்பன் ஈரோட்டிலிருந்து போனில் கேட்டது ஒரே கேள்விதான். பூமி காடா, தோட்டமா? தம்பிதுரை மூச்சு விடுவதற்குள் தோட்டம்தான் என்று சொல்லிவிட்டார். சொன்னதைத் திருத்தப் பார்த்தார். அதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்தாயிற்று.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். தோட்டம் என்றால் அவர்களுக்கு நாலு ரோஜாச் செடி, ஒரு ஊஞ்சல். அன்னூர்ப் பக்கம் அப்படியில்லை. கிணறு இருந்து, அதில் தண்ணீர் இருந்து, இறைத்துப் பாய்ச்சி வெள்ளாமை வைத்தால்தான் தோட்டம். மழையை நம்பி விதைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் அது காடு. எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் அப்புறம். பெண் கொடுக்கிறவர் முதலில் கேட்பது இதைத்தான்.

தம்பிதுரையின் இரண்டரை ஏக்கர் ஒரு காலத்தில் அசல் தோட்டம். மொட்டக்கிணத்துத் தோட்டம் என்றால் டவுன் பஸ் கண்டக்டருக்குத் தெரியும், கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்குத் தெரியும். அவரையே மொட்டக்கிணத்துத் தோட்டத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கிணறு வற்றிப் பதினோரு வருடம் ஆகிறது. ஆயிரத்து நூறு அடிக்குப் போர் போட்டுப் பார்த்தார், புகைதான் வந்தது. தென்னைகள் ஒவ்வொன்றாய்த் தலை சாய்ந்தன. இப்போது மழை பெய்தால் கொஞ்சம் சோளத்தட்டு, பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. ஆனாலும் அவர் முகத்துக்கு நேரே காடு என்று சொல்ல ஊரில் யாருக்கும் மனசு வரவில்லை. அவருக்கோ அந்தச் சொல் வாயிலேயே நுழையாது.

ஒரே மகன் மதன்குமாருக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. கோயமுத்தூரில் பம்ப் கம்பெனியில் வேலை. ஊரான் கிணற்றுக்கெல்லாம் மோட்டார் செய்து அனுப்புகிறான், பாவம். உள்ளூர்த் தரகர்கள் உள்ளதை உள்ளபடி காடு என்று சொல்லித்தான் ஜாதகம் கொண்டுபோனார்கள். இருபத்து மூன்று இடம் தட்டிப்போனது. இதுவும் இல்லையென்றால் இனி என் ஜாதகத்தை எடுக்கவே கூடாது என்று பையன் சொல்லிவிட்டான். கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே சொன்னான். தம்பிதுரைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நஞ்சப்பன் கொண்டுவந்த இடம் சென்னிமலைப் பக்கம். பெண் ரித்திகா, அப்பா லட்சுமணசாமி, அவர்களுக்கும் தோட்டம்தான். ஜாதகம் பொருந்தியது. பெண்ணும் பையனும் போனில் பேசினார்கள், பிடித்தும்போனது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இங்கே வந்து இடம் பார்ப்பது, அடுத்த வெள்ளிக்கிழமை இவர்கள் அங்கே போய்ப் பார்ப்பது என்று முடிவானது.

இடம் பார்க்க வருகிறவர்கள் வீட்டைப் பார்க்கிறார்களோ இல்லையோ, கிணற்றை எட்டிப் பார்க்காமல் போக மாட்டார்கள். தம்பிதுரை மூன்று நாள் யோசித்துவிட்டு, தண்ணீர் டேங்கர் ஓட்டும் பாக்கியராஜுக்குப் போன் போட்டார். மூன்று லோடு வேண்டும் என்றார். எங்கே ஊற்றுவது என்ற கேள்விக்கு, கிணற்றில் என்றார். பாக்கியராஜ் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் முதல் லோடு இறங்கியது. பாறை வெடிப்பெல்லாம் வாயைத் திறந்து உறிஞ்சியது. அரை மணி நேரத்தில் ஈரம் மட்டும் மிச்சம். இரண்டாவது லோடு முழங்கால் அளவுக்கு நின்றது. மனைவி சின்னாத்தாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெணத்துலிருந்து தண்ணி எடுத்துப் பாத்திருக்கறேன். கெணத்துக்குத் தண்ணி ஊத்தறத இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றாள். தம்பிதுரை குனிந்து, தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்தார்.

மூன்றாவது லோடு ஞாயிறு விடியலில் வந்திருக்க வேண்டும். டயர் பஞ்சர். அதற்குள் பத்து மணிக்கு லட்சுமணசாமியும் அவர் மனைவியும் நஞ்சப்பனும் காரில் வந்து இறங்கிவிட்டார்கள். உபசாரத்தில் குறைவில்லை. மதன்குமார் நல்ல சட்டையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். காபி ஆனதும் லட்சுமணசாமி எழுந்து, தோட்டத்தை ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்றார்.

கிணற்றடியில் நின்று அவர் எட்டிப் பார்த்தார். நன்றாகக் குனிந்து, வெகு நேரம் பார்த்தார். அடியில் தண்ணீர் வெயிலில் மினுங்கியது. பரவாயில்லை, ஊற்று இருக்கிறது போல என்றார். தம்பிதுரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிர் ஒரு நிமிடம்கூடத் தங்கவில்லை. தடத்தில் ஹாரன் சத்தம். டேங்கர் நேராகக் கிணற்றடிக்கே வந்து நின்றது. பாக்கியராஜ் கதவைத் திறந்து குதித்தார்.

"ஏனுங்கண்ணா, லேட்டாயிப்போச்சுங்க. மூணாவது லோடும் கெணத்துக்குள்ளயே ஊத்திரட்டுங்களா?"

நஞ்சப்பன் வேப்பமரத்தைப் பார்த்தார். மதன்குமாரின் முகம் செத்துப்போயிற்று. மகனின் அந்த முகத்தைப் பார்த்ததும் தம்பிதுரைக்கு இனிப் பொய்யும் வரவில்லை, பொய் சொல்லவும் தோன்றவில்லை.

"தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க. இது காடு. பதினோரு வருசமாக் காடுதானுங்க" என்றார். "பையனுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லீங்க. அவன் சொல்லிப்போடலாம்னுதான் சொன்னான். நாந்தான் கேக்கல."

வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னார். கண் கலங்கிவிட்டது. அறுபத்திரண்டு வயது மனுஷன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

லட்சுமணசாமி திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா தரையைப் பார்த்தார். பிறகு லட்சுமணசாமி மெதுவாக நடந்து டேங்கர் அருகே போனார். காரில் ஏறத்தான் போகிறார் என்று நினைத்தாள் சின்னாத்தாள். ஆனால் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு பாக்கியராஜின் முன்னால் நின்றார்.

"உங்க நம்பரக் குடுங்க. சென்னிமலைப் பக்கமெல்லாம் வருவீங்களா? வெள்ளிக்கெழமை இவிய எங்க தோட்டம் பாக்க வாராங்க. ரெண்டு லோடு ஊத்தோணும்."

சொல்லிவிட்டு அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காதோரம் சிவந்திருந்தது. தம்பிதுரைக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

"ரெண்டு பத்தாதுங்க சம்பந்தி" என்றார். "மூணாச் சொல்லிப்போடுங்க. மொத லோடக் கெணறே குடிச்சுப்போடும்."