குண்டண்ணனுக்கு வெறும் ஜலதோஷம்தான்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஒரே ஒரு தும்மலுக்காகத்தான் ஆரம்பித்தேன். லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், தான் பழுதுபார்த்த லிஃப்டிலேயே மாட்டிக்கொண்டு, கூட நிற்கும் முதலாளியின் முகத்தில் தும்ம வேண்டும். அவ்வளவுதான்.

பார்த்ததும் சிரிப்பு வரட்டுமே என்று தொப்பை வைத்தேன். வேலையிடத்தில் எல்லோருக்கும் அவர் குண்டண்ணன். தொப்பைக்குத் துணையாகச் சர்க்கரை வியாதி. (அடுத்தவர் உடம்புதானே, நமக்கென்ன நஷ்டம்?)

2

நர்ஸாக இருக்கும் என் மச்சினி படித்துப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"சுகர், தொப்பை, அதுக்கு மேல வைரஸ் காய்ச்சல். எல்லாத்தையும் ஒரே ஆள் தலையில கட்டிட்டீங்களே அத்தான். மத்தவங்களுக்கு மூக்கோட போறது இவருக்கு நெஞ்சுல இறங்கிடலாம்."

"ஏன் இறங்கணும்?"

"சுகர் ஏறிக் கிடந்தா உடம்பால கிருமியோட மல்லுக்கட்ட முடியாது. காய்ச்சல் வந்தா சுகர் இன்னும் ஏறும். தொப்பை வேற நுரையீரலை விரிய விடாது."

கதையிலிருந்து சர்க்கரையை அடித்துவிடப் பார்த்தேன். அதற்குள் குண்டண்ணனின் மனைவி ஃப்ரிட்ஜில் இன்சுலினை அடுக்கிவிட்டிருந்தாள்.

3

தும்மிய கையோடு வீட்டுக்கு வந்தவர் படுத்துவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை. ஊசியையும் நிறுத்திவிட்டார்.

"சாப்பிடவே இல்லையே, சுகர் எங்கேருந்து ஏறும்?"

"காய்ச்சல்லயே ஏறும்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாருல்ல? இதைப் பாருங்க." மனைவி சர்க்கரை பார்க்கும் கருவியை நீட்டினாள்.

"மெஷின்... பழசு. எனக்கு வெறும்... ஜலதோஷம்தான்."

(இந்தப் புள்ளிகள் என் நடை அல்ல. அவருக்கு மூச்சு வாங்குகிறது.)

அன்று மாலை குண்டண்ணனின் உதடுகள் நீலம்

(இல்லை. இதை நான் எழுத மாட்டேன்.)

முடிவு அ: மனைவி அதட்டுகிறாள், அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார். யார் நம்புவார்கள்? கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கிறார்?

முடிவு ஆ: நானே உள்ளே போய்க் கெஞ்சுகிறேன். போனேன்.

"சுகரைக் குடுத்ததே... நீங்கதானே சார்?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

4

அவர் மனைவி என்னை ஒதுக்கிவிட்டு, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். உங்களைத்தான்.

"இதைப் படிச்சுக்கிட்டு இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. வீட்டு ஆளு சொன்னா இவருக்குக் காதுல ஏறாதுங்க. வெளி ஆளு சொன்னா தட்ட மாட்டாரு. ஆம்புலன்ஸ் கீழ நிக்குது. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்."