ரத்தம் விழுந்த இடம்

காட்டுப் பூங்காவின் வாசலில் காவலாளி வில்ஃப்ரிதோ கையை நீட்டினார்.

“தீப்பெட்டி, மெழுகுவர்த்தி ரெண்டையும் இங்க வெச்சிட்டுப் போம்மா. சட்டம் எனக்கும் ஒண்ணுதான், எலிஹியோ பொண்டாட்டிக்கும் ஒண்ணுதான்.”

எர்மெலிந்தா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவளே வீட்டில் வார்த்த மெழுகுவர்த்தி. திரிக்குப் பதில் நீலக் கம்பளி நூல்.

“கோவிச்சுக்காத. காடு காஞ்சு கிடக்கு. இதுல திங்கக்கிழமையானா எவனோ பின்பக்கமா நுழைஞ்சு மெழுகுவர்த்தி ஏத்தறான். வாசனை வருது, ஆளைக் காணோம்.”

“ஆவியா இருக்கும்,” என்றான் அவளோடு வந்த செஃபெரினோ.

“ஆவியும் இந்த நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ள போகணும்.”

எர்மெலிந்தா சிரித்தாள். ஒரு வருடத்தில் அவள் சிரித்தது குறைவு. அவள் கணவன் எலிஹியோ இதே பூங்காவில் காவலாளி. போன மே மாதம் யாரோ சுட்டதில் அணைநீரின் ஓரத்தில் செத்துக் கிடந்தான். எதிர்க்கரை வேட்டைக்காரர்கள் என்று சொல்லி வழக்கை மூடிவிட்டார்கள். ரத்தம் விழுந்த இடத்தில்தான் மூச்சு தங்கும் என்பதால் அங்கேயே சிலுவை நட்டார்கள். வருடம் முடிந்ததும், சிலுவைக்குப் பொறுப்பேற்ற ஞானத்தகப்பன் அதில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் விதவை கறுப்பைக் கழற்றலாம்.

ஞானத்தகப்பன் எலிஹியோவின் தம்பி செஃபெரினோ. இந்த வருடத்தில் அவள் வீட்டுக் கூரையை மாற்றியதும், மகள் நிமியாவைப் பள்ளிக்குக் கூட்டிப்போனதும் அவன்தான். ஆறு மாதமாக ‘அண்ணி’யை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். துணி கட்டிய மறுநாள் தன்னோடு வந்து வாழ முடியுமா என்று கேட்டிருந்தான். சம்மதம் சொல்லத்தான் அவள் மனதில் இருந்தது.

கரைக்கு வந்தபோது சிலுவையைக் காணவில்லை. இங்கே தூறல் இல்லாவிட்டாலும் பிரேசில் பக்கம் கொட்டிய மழையை அணை தேக்கிவைத்திருந்தது. வறட்சியில் நட்ட சிலுவை ஆளுயரத் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. மின்நிலையத்தின் உறுமல் மட்டும் காலுக்குக் கீழே மண்ணில் கேட்டது.

“முங்கிக் கட்டிட்டு வந்துடறேன்,” என்று செஃபெரினோ சட்டையைக் கழற்றப் போனான்.

“மீனுக்குத் துணி கட்டவா ராத்திரி பகலா தச்சேன்? மேட்டுல புதுசா ஒண்ணு நட்டுடலாம்.”

“அங்க போகாத. பாம்பு இருக்கும்.”

“பாம்புக்குப் பயந்தவளா காவலாளியைக் கட்டிக்கிட்டா?”

விலங்குகள் தண்ணீருக்கு இறங்கும் ஒற்றைத் தடத்தில் அவள் ஏறினாள். அவன் பின்தங்கினான். இருநூறு அடி தாண்டி, ஒரு லப்பாச்சோ மரத்தின் அடியில் கற்களை வட்டமாக அடுக்கி நடுவே தகர டப்பா வைத்திருந்தது. அதற்குள் எரிந்து தீர்ந்த மெழுகுத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் நீல நூல்.

அம்மாவின் கல்லறைக்கு என்று திங்கள்தோறும் செஃபெரினோ அவளிடம் ஒன்று வாங்கிப் போவான்.

எர்மெலிந்தா உட்கார்ந்துவிட்டாள். செஃபெரினோ தடத்திலேயே நின்றான்.

“கறிக்கு பாகா அடிக்கறதுக்குன்னு நான் வெச்ச பொறி, அண்ணி,” என்றான். “தடத்துக்குக் குறுக்கே கயிறு, கயிறு இழுத்தா துப்பாக்கி வெடிக்கும். அன்னைக்கு அண்ணனுக்கு லீவுன்னு நீங்கதான சொன்னீங்க.”

சொல்லியிருந்தாள். விடிந்ததும் வில்ஃப்ரிதோவின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. அவருக்குப் பதிலாக எலிஹியோ போனான்.

“உயிர் உடனே போயிடுச்சா?”

அவன் தடத்துச் சருகைக் காலால் ஒதுக்கினான்.

“கேக்கறேன்ல.”

“வெயில் சாயற வரைக்கும் இருந்தான். என் மடியிலதான்.”

“வாசல் அரை மணி தூரம். தூக்கிட்டுப் போயிருந்தா?”

எங்கோ ஒரு குரங்குக்கூட்டம் கத்தி ஓய்ந்தது.

“தூக்கிட்டுப் போகல,” என்றான். “பயந்துட்டேன். இருட்டினப்புறம் தண்ணியில விட்டுட்டேன். சிலுவை தப்பான எடத்துல நிக்குதேன்னு தூக்கமே வரல. ரத்தம் இங்க கிடக்கறப்போ வெளிச்சம் இல்லாம எப்படி விடறது?”

வெளிச்சம் வைக்காமல் இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்தே இருக்காது. நாளை அவன் வீட்டில் சமைத்திருப்பாள்.

எழுந்தாள். இரண்டு குச்சிகளை ஒடித்துக் கொடியால் குறுக்காகக் கட்டிக் கற்களுக்கு நடுவே ஊன்றினாள். துணியை அவன் கையில் வைத்தாள்.

“கட்டு. அவருக்குச் சேர வேண்டியது சேரட்டும். வேற ஞானத்தகப்பனுக்கு நான் எங்க போவேன்.”

முடிச்சு விழ நாலு தடவையாயிற்று. கட்டி முடித்தவன் மண்டியிட்டபடியே அவள் கறுப்புப் பாவாடை ஓரத்தைத் தொட வந்தான். அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“நான் வில்ஃப்ரிதோகிட்டப் போறேன். நீயா வந்து சொன்னா நீ சொன்னதா இருக்கும். வரலைன்னா நான் சொன்னதா இருக்கும்.”

“நிமியாகிட்ட என்ன சொல்வீங்க?”

“அவ அப்பா சாயங்காலம் வரைக்கும் உயிரோட இருந்தாருன்னு மட்டும் சொல்ல மாட்டேன். அதை நான் வெச்சுக்கறேன்.”

அவள் இறங்கி நடந்தாள். பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. அவள் நிற்கவில்லை. தண்ணீர் கண்ணில் படும் திருப்பத்தில் அது மறுபடி கேட்டது, அவளுக்குப் பின்னால் தூரத்தில், மெதுவாக, வாசலை நோக்கித்தான்.