காது கொடுக்காத பெட்டி

எங்க கம்பெனியில மொத்தம் ரெண்டே பேர். பேச்சும் லேப்டாப்பும் விஜயகுமார். கம்பம் ஏறறது, வயர் இழுக்கறது எல்லாம் இந்த ஆல்பர்ட்டு. மரக்காணம் உப்பளத்துல தண்ணி இறைக்கிற மோட்டாரை போன்லயே போட்டு நிறுத்தறதுதான் எங்க பிசினஸ்.

மோட்டாரை போட்டு நிறுத்தற பெட்டியை சிம் போட்டதா வைடான்னு அவன்கிட்ட தலைதலையா அடிச்சுக்கிட்டேன். "லூசாடா நீ? பெட்டிக்குப் பெட்டி மாசாமாசம் எவன் ரீசார்ஜ் பண்றது? லோரா ரேடியோன்னா வாடகை இல்ல, லைசென்ஸ் இல்ல. ஒரு கம்பம் நட்டா உப்பளம் பூரா பேசும். பேட்டரி வருஷக்கணக்குல ஓடும். புதுசா கடை தொறக்கறவன் எல்லாம் இதுக்குத்தாண்டா ஓடறான்"னான்.

நியாயந்தான். ஆனா பேட்டரி எப்படி அவ்ளோ நாள் ஓடுது? பெட்டி தூங்குது. அப்பப்ப முழிச்சு ஒரு தகவல் அனுப்பும். அனுப்பின கையோட கொஞ்சம் காது குடுக்கும், ஒரே ஒரு உத்தரவு வாங்கிக்கும், மறுபடி தூங்கிடும். தண்ணியில உப்பு ஏறிச்சான்னு பாக்க அது போதும். மோட்டாருக்கு ஆவுமா? தூங்காத பெட்டியும் அதே லோராவுல இருக்குடா, மோட்டாராண்ட கரண்டுதான் இருக்கேன்னேன். எல்லாத்துக்கும் ஒரே பெட்டின்னாதான் மலிவுன்னு சொல்லிட்டான்.

அன்னைக்கு பணம் போடற பார்ட்டி கார்ல வந்திருந்தார். விஜயகுமார் வரப்புல நின்னு ஸ்டைலா 'ஆன்' அமுக்கினான். மோட்டார் அசையல. மூஞ்சி செத்துப்போச்சு. பதறிப்போய் 'ஆஃப்' அமுக்கிட்டு, கொட்டகையில மோட்டார் பாத்துக்கற முருகையனைப் பாத்து, "ஏம்பா, பெல்ட்டுல உப்பு ஏறிக்கிச்சா பாரு, தட்டி விடு!"ன்னு கத்தினான்.

எங்களை உப்பளத்துக்குள்ள சேர்த்ததே முருகையண்ணன்தான். நான் கம்பத்து மேல இருந்தேன். "அண்ணா, கை வெக்காத! இப்ப ஓடிடும்!"னு தொண்டை கிழியக் கத்தினேன். கடல்காத்து, எங்க கேக்கும்? இறங்கி ஓடினேன்.

பெட்டி முழிச்சுது. வரிசையில முதல்ல நின்ன 'ஆன்'ஐ வாங்கிக்கிச்சு, தூங்கிடுச்சு. பின்னால நின்ன 'ஆஃப்' அடுத்த முழிப்புக்குத்தான். பெல்ட்டு சடார்னு அவர் வலது கையை முழங்கை வரைக்கும் இழுத்துச்சு. எலும்பு நொறுங்கறது எனக்குக் கேட்டுச்சு. ஐயோ, அந்தக் கத்தல்! விஜயகுமார், "ஆஃப் போட்டேண்டா, ஆஃப் போட்டேண்டா"ன்னு போனையே குத்திக்கிட்டு நிக்கிறான்.

மெயின் பெட்டியில பூட்டு. ஆளுங்க கை வெச்சிடுவாங்கன்னு அந்தப் பாவிதான் போட்டு வெச்சிருந்தான். கம்பம் நட்ட கடப்பாறை பக்கத்துல கெடந்துச்சு, எடுத்து ஓங்கிப் போட்டேன். பூட்டு தெறிச்சுது, ஃப்யூஸைப் பிடுங்கினேன். சக்கரம் நின்னுச்சு. அண்ணன் கீழ விழுந்தார், கை அவரோட வரல.

பாத்தியில உப்பு வாரிட்டு இருந்த அவர் சம்சாரம் அமராவதி அக்கா ஓடியாந்து முந்தானையைக் கிழிச்சுக் கட்டினாங்க. "என்னைப் பாருய்யா, கண்ணை மூடாத"ன்னு அவர் கன்னத்துல அறைஞ்சுக்கிட்டே இருந்தாங்க. பார்ட்டி, "கார் சீட்டு..."ன்னு இழுத்தார். நான் பாத்த பார்வையில கதவைத் தொறந்துட்டார்.

கார் போச்சு. வரப்பெல்லாம் ரத்தம், வாரி வெச்ச உப்பெல்லாம் ரத்தம். விஜயகுமார் கிட்ட வந்து, "அவரு தப்பா கை விட்டுட்டாருன்னு சொல்லிக்கலாம்டா"ன்னான்.

அப்பதான் அவன் போன் டிங்குன்னுச்சு. 'மோட்டார் நிறுத்தப்பட்டது.'

"பாத்தியா, மெசேஜ் மிஸ் ஆகலடா"ன்னு திரையை என் பக்கம் நீட்டினான்.

கடப்பாறை இன்னும் என்கிட்டதான் இருந்துச்சு. நீட்டின அந்தக் கையிலயே போட்டேன்.