கஞ்சிக் கரண்டி யார் கையில்

1

இந்தக் கதை எனக்குத் துணி எடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. கோழிக்கோட்டில் எங்கள் மொட்டை மாடிக்கும் பெண்கள் விடுதியின் மொட்டை மாடிக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். காய்ந்த துணியை மடிக்கிற சாக்கில் அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஒரே தலையணை உறையைத் திரும்பத் திரும்ப மடித்திருக்கிறேன். ஒட்டுக்கேட்டாயா என்றால், ஆமாம், கேட்டேன். எழுதுகிறவளுக்கு வேறென்ன பிழைப்பு?

மழை தூறிய ஒரு மாலையில், காலங்காலமாக அடக்கப்பட்ட குரல்கள் மெல்ல—

இப்படித்தான் முதலில் ஆரம்பித்தேன். அன்றைக்கு மழையே இல்லை. அடக்கப்பட்ட குரலும் இல்லை, காது கிழிகிற கூச்சல். [அடித்த வரியை அப்படியே விட்டு வைக்கிறேன். நீங்களும் சிரிக்க வேண்டாமா?]

2

விடுதிப் பெண்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் மாடியில் வட்டமாக உட்காருவார்கள். பெண்ணியப் புத்தகங்களாகப் படித்துத் தள்ளும் அனகா ஆரம்பித்த வட்டம் அது. முதல் கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியதில், யார் அழுதது, யார் தேற்றியது என்றே தெரியவில்லை. அனகாவின் அறைத் தோழி ஸ்டெஃபி, பொறுமை போய், கீழே மெஸ்ஸிலிருந்து கஞ்சி ஊற்றுகிற நீளக் கரண்டியைக் கொண்டுவந்தாள்.

அன்றிலிருந்து சட்டம் இதுதான். கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவள்தான் பேசலாம், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பேசுகிறவளும் தன்னைப் பற்றித்தான் பேச வேண்டும். ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்று ஆரம்பித்தால் கரண்டி பறிபோகும். சமையல்காரி சாரதேச்சி கேட்கும் முன் அதைக் கழுவிக் கீழே வைத்துவிட வேண்டும்.

ரம்ஸீனாவிடம் வரும்போதெல்லாம், அடுப்பிலிருந்து எடுத்ததைத் தொட்டவள்போல அவள் அதை அடுத்தவளிடம் தள்ளிவிடுவாள்.

3

இந்த ரம்ஸீனாவைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். அரீக்கோட்டுக்காரி, கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். மைதானத்தில் அவள் “பின்னால ஆளு” என்று கத்தினால் ரோட்டில் போகிறவனும் திரும்பிப் பார்ப்பான். அதே பெண் வார்டன் பிலோமினா டீச்சர் முன்னால் நின்றால் தொண்டையில் காற்றுதான் வரும். வாசகர் நம்ப மாட்டார் என்று அவளைச் சதுரங்கம் ஆடுகிறவளாக மாற்றிப் பார்த்தேன். கதைக்கு உயிர் போய்விட்டது. நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

அவளுடைய பாடு இது: பயிற்சி ஆறரைக்கு முடியும், விடுதிக் கேட்டை ஆறு மணிக்கே பூட்டிவிடுவார்கள். பாதிப் பயிற்சியில் ஓடி வந்தும் ஏற்கெனவே இரண்டு தடவை பிந்திவிட்டாள். இன்னொரு தடவை என்றால் வீட்டுக்குப் போன் போகும், அப்பா, அவள் சொல்கிறபடி உப்பா, வந்து அழைத்துப் போய்விடுவார். படிப்பும் போச்சு, பந்தும் போச்சு. பயிற்சியில் கடைசிவரை நிற்காவிட்டால் அணியில் இடமில்லை.

4

வருஷத்துக்கு ஒரு ராத்திரி, பிரின்சிப்பல் அம்மாள் விடுதிக்கு வந்து பெண்களோடு சாப்பிடுவார். “குறை எதாவது உண்டா?” என்று கேட்பார். எல்லாரும் “ஒண்ணுமில்ல டீச்சர்” என்பார்கள். அதற்கப்புறம் கஞ்சி. இந்த முறை ரம்ஸீனா எழுந்து கேட்க வேண்டும் என்று வட்டம் முடிவு செய்தது.

“இந்தா, எழுதிட்டேன். படிச்சா மட்டும் போதும்,” என்றாள் அனகா.

ரம்ஸீனா புரட்டினாள். “இதுல வரிக்கு வரி ஆணாதிக்கம்னு இருக்கு. நம்ம கேட்டைப் பூட்டறது பிலோமினா டீச்சர்டீ.”

“அதுதான் ஆணாதிக்கம்.”

“அவங்ககிட்டப் போய் இதைச் சொல்லணுமா?”

“அந்தப் பேப்பரைத் தூக்கிப் போடு,” என்றாள் ஸ்டெஃபி. “எழுந்து நின்னு அழு. கடைசியில மயங்கி விழுந்துடு. கோல்கீப்பர்தானே, விழறதுக்கா உனக்குச் சொல்லித் தரணும்?”

“நீங்களே போய்ப் பேசிடுங்களேன்.”

“உன் குரல் வெளிய வரணும்னுதானேடீ நாங்க கத்திக்கிட்டிருக்கோம்,” என்றாள் அனகா.

“கரண்டி எவ கையில இருக்கு?” என்று கேட்டாள் ரம்ஸீனா.

அவள் மடியில்தான் இருந்தது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். ரம்ஸீனா இந்தத் தடவை கரண்டியைத் தள்ளிவிடவில்லை.

[அடிக்குறிப்புபோல ஒன்று: நானும் அவளுக்கு ஒரு உரை எழுதி வைத்திருந்தேன். கடல், அலை, விடியல் எல்லாம் அதில் உண்டு. படித்துவிட்டு எனக்கே கண் கலங்கியது.]

5

அந்த ராத்திரியை நான் பார்க்கவில்லை, மறுநாள் மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஸ்டெஃபி சொன்னாள். பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பயறும் பப்படமும் பரிமாறியாயிற்று. கஞ்சிப் பானை வந்தது, கரண்டி வரவில்லை. “என் கரண்டிய எவ எடுத்தா?” என்று சாரதேச்சி அடுக்களையிலிருந்தே கேட்டாள். கடைசி மேஜையில் ரம்ஸீனா கரண்டியோடு எழுந்து நின்றாள்.

“கொண்டா மோளே, டீச்சருக்குக் கஞ்சி ஊத்தணும்.”

“தர்றேன் சேச்சி. பேசி முடிச்சுட்டு.”

ஸ்டெஃபி ‘விழு, விழு’ என்று சைகை காட்டினாளாம். ரம்ஸீனா பிரின்சிப்பலைப் பார்த்துக் காலை அகட்டி நின்றாள்.

“டீச்சர், நான் கோல்கீப்பர்...” குரல் பப்படச் சத்தத்தில் அமுங்கியது.

“முதல்ல சாப்பாடு ஆகட்டும். இங்க வயசுப் பொண்ணுங்க இருக்கிற இடம், நாலு பேர்—” என்று ஆரம்பித்தார் பிலோமினா டீச்சர்.

“டீச்சர், கரண்டி அவ கையில இருக்கு,” என்றது கூடம் மொத்தமும்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததாலேயே நிறுத்திவிட்டார். என் கடலையும் அலையையும் நுழைக்க இதுதான் சமயம் என்று நான் பேனாவை எடுத்தேன். கரண்டி என் கையில் இல்லையே. மூடி வைத்துவிட்டேன்.

“எங்க உப்பா செவன்ஸ் கால்பந்து பார்க்கப் போனா ராத்திரி ஒரு மணிக்குத்தான் திரும்புவாரு,” என்றாள் ரம்ஸீனா. இப்போது அது மைதானத்துக் குரல். “அவருக்கு எங்க வீட்டுக் கேட்டைப் பூட்டினதே இல்ல. உம்மா சோத்தை மூடி வச்சுட்டு முழிச்சிருப்பா. ஆட்டம் பார்க்கப் போறவருக்கு ஒரு மணி. ஆடப் போற நான் ஏழு மணிக்கு வந்தா என்ன? எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு டீச்சர். ஆனா பயிற்சிக்குப் போவேன்.”

என் உரையைக் கிழித்துப்போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது.

6

முடிவு மூன்று எழுதினேன். ஒன்றில் கேட் ஏழு மணி வரை திறந்திருக்கிறது. [நடந்தால் நல்லது. எழுதும்போது கை கூசியது.] இன்னொன்றில் பிரின்சிப்பல், “ஒரு கமிட்டி போடலாம்” என்கிறார். [இதுதான் நடக்கும்.] மூன்றாவதில் உப்பாவுக்குப் போன் போகிறது, அவர் வந்து, மகளைப் பார்த்து—

அதை என்னால் எழுத முடியவில்லை. ஸ்டெஃபி சொன்ன இடத்திலேயே நிறுத்துகிறேன்.

ரம்ஸீனா மேஜைகளைத் தாண்டி நடந்துபோய், பிரின்சிப்பல் முன்னால் கரண்டியை நீட்டினாள்.

“எனக்கெதுக்கு இது?” என்று கேட்டார் அவர்.

“இனி நீங்க பேசணும் டீச்சர். ஊரைப் பத்தி வேண்டாம். உங்களைப் பத்திச் சொல்லுங்க. என் வயசுல, உங்களுக்கு எத்தனை மணிக்குக் கேட்டைப் பூட்டினாங்க?”

பிரின்சிப்பல் கரண்டியை வாங்கிக்கொண்டார். ஆகவே நான் இனி வாயைத் திறக்கக் கூடாது, சட்டம் சட்டம்தான். பிரின்சிப்பலின் நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூடம் முழுக்க உங்களைத்தான் பார்க்கிறது. சொல்லுங்கள், கஞ்சி ஆறுகிறது.